டாக்டருக்குப் படிக்கும் பெண்ணின் அம்மா

"பெண் டாக்டருக்குப் படிக்கிறாளாமே! கொடுத்து வைத்தவள் நீ!" என்று என்னிடம் சொல்லாத உறவினர் கிடையாது. ஆனால், அந்தப் பெண் அங்கே என்னதான் படிக்கிறாள் என்று கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பெண் 'நீட்' பரீட்சைக்காக விடிய விடிய விழித்துக்கொண்டிருக்கலாம். ஆகையால், சகோதரிகளே, இறுதி வருஷத்தில் இருக்கும் என் மகள் வாயிலாக நான் அறிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறேன்.

எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருஷப் படிப்பு. அதற்குமேல் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் வேலை. ஆக, ஐந்தரை வருஷம்.

முதல் வருஷத்தில் மூன்று பாடங்கள்: அனாடமி, பிஸியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. உடம்பு எப்படி அமைந்திருக்கிறது, எப்படி இயங்குகிறது, அதற்குள் என்னென்ன ரசாயன மாற்றங்கள் நடக்கின்றன என்பவைதான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதல்லவா? 206 எலும்புகளையும், ஒவ்வொன்றின் மேடு பள்ளத்தையும் மனப்பாடம் செய்து பாருங்கள், தெரியும்! அதோடு, பிரேதத்தை அறுத்துப் படிக்க வேண்டும். பார்மலின் நெடியில் கண் எரியும். "அம்மா, சோறு இறங்கவில்லை" என்று முதல் வாரமே போனில் அழுதாள். என் நாத்தனார், "எதற்கு இந்தக் கஷ்டம்? அழைத்து வந்து, வேறு ஏதாவது படிக்க வைத்து, நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிடலாம்" என்றார். என் மனசும் ஆடித்தான் போயிற்று. "ஒரு மாதம் பொறுத்துப் பார், கண்ணு. அப்புறமும் வேண்டாமென்றால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்றேன்.

மாதம் முடிந்தது. அவள் வரவில்லை. அந்த உடலைத் தொடுமுன் அதற்கு மரியாதை செய்து எல்லா மாணவர்களும் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்களாம். "அதுதான் அம்மா எங்கள் முதல் குரு. யார் வீட்டுப் பாட்டியோ, எங்களுக்காக உடம்பையே கொடுத்திருக்கிறாள்" என்றாள். அதற்குப் பிறகு சோறும் இறங்கியது.

இரண்டாம் வருஷம் நோய்களின் வருஷம். நோய் எப்படி உண்டாகிறது என்பது பேதாலஜி. கிருமிகளைப் பற்றியது மைக்ரோபயாலஜி. மருந்துகளைப் பற்றியது பார்மகாலஜி. இந்த வருஷத்தில் படிக்கிற வியாதியெல்லாம் தனக்கே இருப்பதாகப் பிள்ளைகளுக்குத் தோன்றுமாம்! தலைவலி வந்தால் மூளையில் கட்டி. நெஞ்சு எரிந்தால் இருதய நோய். பயப்படாதீர்கள், பரீட்சை முடிந்ததும் குணமாகிவிடும். ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போய், நோயாளியிடம் பக்குவமாகப் பேசிக் கேட்டறியவும் பழகுகிறார்கள். உறவினர்கள் போன் செய்து மாத்திரை கேட்பதும் இப்போதுதான் ஆரம்பமாகும். மருந்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, மருந்து எழுதித் தரும் உரிமை படிப்பை முடித்துப் பதிவு செய்துகொண்ட டாக்டருக்குத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் வருஷத்தில் சட்ட மருத்துவமும் சமூக மருத்துவமும் முக்கியம். இப்போதெல்லாம் ஒவ்வொரு மாணவருக்கும் கிராமத்தில் சில குடும்பங்களை ஒப்படைக்கிறார்கள். முதல் வருஷத்திலிருந்தே அவர்களைப் போய்ப் பார்த்து வரவேண்டும். என் மகள் போன வீடு ஒன்றில் மருமகளுக்கு ரத்த சோகை. காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எல்லாரும் உண்டபிறகு மிச்சத்தை உண்கிறவள் அவள். அந்த விடுமுறைக்கு வந்த என் மகள், சமையலறை வாசலில் நின்று, "அம்மா, நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். 12-க்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 9! டாக்டர் எழுதித் தந்த இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கக்கூடாது என்பதையும் அவள்தான் சொன்னாள். காபி அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதாம்.

இறுதி வருஷம் பெரும் பாடங்கள்: பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, பிரசவம், குழந்தை மருத்துவம். ஓர் இரவு போன் செய்தாள், பேசவில்லை. ஒரு வாரமாக அவள் தினமும் போய்ப் பார்த்துவந்த நோயாளி அன்று இறந்துவிட்டார். நானும் ஒன்றும் பேசாமல், அவள் தூங்கப் போகிறேன் என்று சொல்லும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். இதற்குப் பாடப் புத்தகம் கிடையாது.

இனி ஹவுஸ் சர்ஜன் வருஷம். ஒவ்வொரு பிரிவாக மாறி மாறி வேலை. ராத்திரி டியூட்டி வேறு. நிபுணராக வேண்டுமானால் அதற்கு மேலும் மூன்று வருஷம் எம்.டி. "கல்யாணம் எப்போது?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொண்டால் நல்லது.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராகி வெளிவந்தார். இந்தப் பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்க அன்றைக்கு ஊரே இருந்தது. இன்று நம் பெண்களுக்கு ஊரின் எதிர்ப்பு அவ்வளவாக இல்லை. ஆனால் முதல் வருஷத்து அழுகை அப்படியேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் அவசரப்பட்டுத் திரும்ப அழைத்துவிடாதீர்கள். "அழாதே" என்று அதட்டவும் வேண்டாம். மதிப்பெண்ணைப் பிறகு விசாரிக்கலாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று முதலில் கேளுங்கள். அப்படியே, நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.