டிக் போட்ட கை

கேன்சர் வார்டில் எனக்குக் கைராசிக்கார சிஸ்டர் என்று பேர். ஊசி வலிக்காது, மருந்து சட்டென்று ஏறிவிடும். அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் அவசரப்பட்டேன் என்றால் அது பாதி உண்மை. மீதி, சோம்பல்.

கீமோவுக்காக மேற்கையில் போடும் பிக் லைனின் உள்நுனி, இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் இருக்கும். வெளியே தொங்கும் மூடியில் ஒவ்வொரு முறை சிரிஞ்சைச் சொருகும் முன்பும் ஆல்கஹால் ஸ்வாபால் 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் ஒட்டிய கிருமியை நாமே ரத்தத்துக்குள் தள்ளுகிறோம். நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே போன உடம்பில் அதை எதிர்க்க ஆளில்லை. மாணவிகளுக்கு நானே எடுத்த பாடம்தான் இது. நைட் டூட்டியில் நான் தேய்த்தது இரண்டே சுற்று. ஈரம் காயும் முன்பே சிரிஞ்ச் உள்ளே போய்விடும். பிறகு செக்லிஸ்ட்டில் டிக்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநில ஐசியுக்களில் பீட்டர் பிரோனவோஸ்ட் குழுவினர் இப்படியொரு பட்டியலை வைத்துத்தான் லைன் தொற்றை வெகுவாகக் குறைத்தார்கள்; 2006இல் அது கட்டுரையாகவும் வந்தது. அங்கே லைன் போடும்போது ஒரு படி தவறினால் டாக்டரையே நிறுத்த நர்ஸுக்கு அதிகாரம் உண்டு. இங்கே தவறியவளும் நானே, டிக் போட்டவளும் நானே.

ஒரு ராத்திரி ஒரு நோயாளியின் லைனை ஃப்ளஷ் பண்ணிவிட்டு நகர்ந்தேன். சற்று நேரத்தில் அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. போர்வைமேல் போர்வை போர்த்தியும் கட்டில் கம்பி கடகடவென்று ஆடியது. லைனிலிருந்தும் மறுகையிலிருந்தும் ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினோம். லைன் ரத்தத்தில்தான் கிருமி முதலில் வளர்ந்தது. லைனை எடுத்தார்கள், கீமோ தள்ளிப்போனது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அவர் மனைவி என்னிடம் வந்து கேட்டார்: "குளிப்பாட்டும்போது தண்ணி பட்டிருக்குமோ சிஸ்டர்? நான்தான் சரியா பாத்துக்கலையோ?"

"இருக்கலாம்மா" என்றேன்.

மூன்று ஷிப்டிலும் பலர் தொட்ட லைன். யார் கையிலிருந்து வந்தது என்று எந்த லேபும் சொல்லாது. சந்தேகத்தின் பலனை நான் எடுத்துக்கொண்டு, பழியை அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டேன். டிஸ்சார்ஜ் அன்று, சுத்தமாக இருப்பது எப்படி என்று அவருக்கே அறிவுரையும் சொன்னேன். அதற்கும் ஒரு கட்டம் இருந்தது, டிக் போட்டேன்.