நிரம்பிய பிறகு என்ன வேகம்?

சென்னைப் புறநகரில் ஒரு டேட்டா சென்டர். சர்வர்களில் பொருத்தும் எஸ்.எஸ்.டி.களைச் சோதிப்பவர்களின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். புது டிஸ்க்கை மாட்டியதும் அவர்கள் வேகத்தை அளப்பதில்லை. முதலில் அதன் முழுக் கொள்ளளவையும் இரண்டு முறை எழுதி நிரப்புகிறார்கள். பிறகு நாலு கேபி துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக மணிக்கணக்கில் எழுதவிடுகிறார்கள். திரையில் கோடு உச்சத்தில் தொடங்கி, சரிந்து, ஒரு மட்டத்தில் நிலைக்கிறது. அதன் பிறகு வரும் எண்ணைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். நேரத்தைக் கொல்லும் வேலை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இவ்வளவு நேரம் காத்திருந்து எடுத்த எண் ஒன்றுதான் நம்பத் தகுந்தது என்பேன்.

காரணம் ஃபிளாஷ் நினைவகத்தின் இயல்பு. எழுதிய இடத்தின் மேலேயே அதில் மறுபடி எழுத முடியாது. எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கிய பிளாக்காக. ஒரு பிளாக்கை அழிக்க வேண்டுமானால், அதில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்தியாக வேண்டும். ஆகவே, நிரம்பிய டிஸ்க்கில் நாம் ஒன்றை எழுதச் சொன்னால் அது உள்ளுக்குள் இரண்டு மூன்றாக எழுதுகிறது. புது டிஸ்க்குக்கு இந்தச் சுமை கிடையாது. விளம்பரத்தில் வரும் வேகம் பெரும்பாலும் அந்த நிலையில் எடுத்ததுதான். சேமிப்பகத் துறையின் அமைப்பான ஸ்னியாவின் சோதனை விதிமுறையும் வேகம் நிலைபெற்றதா என்றே பார்க்கிறது. தொடர்ந்து ஐந்து சுற்றுகளில், வேகத்தின் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் சராசரியில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

இப்படி எழுதித் தள்ளினால் டிஸ்க் தேய்ந்துபோகாதா என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினம் ஒருமுறை முழுதாக எழுதினாலும் ஐந்து ஆண்டு தாங்கும் என்று உத்தரவாதம் தரும் டிஸ்க், மொத்தம் 1,825 முறை எழுதத் தாங்கும். நிரப்புவதற்குச் செலவாவது அதில் இரண்டு. மணிக்கணக்கில் நடக்கும் சோதனைக்கு இன்னும் சில. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று: நிஜ சர்வர்கள் எழுதுவதைவிடப் படிப்பதே அதிகம், இவ்வளவு கடும் சோதனை எதற்கு? உண்மைதான். ஆனால் எழுதும் வேலை நடக்கும்போது படிப்பதும் கூடவே காத்திருக்கிறது. நூறு வாசிப்புகளில் ஒன்று தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வலைப்பக்கத்துக்கு நூறு வாசிப்புகள் தேவைப்பட்டால், நூறு பக்கங்களில் ஏறத்தாழ 63 பக்கங்கள் அந்தத் தாமதத்தில் சிக்கும். சராசரி வேகம் இதைக் காட்டவே காட்டாது. அதனால்தான் அவர்கள் அறிக்கையில் சராசரியைத் தாண்டி, மிக மெதுவாக முடிந்த ஒரு சதவீதத்தைப் பார்க்கிறார்கள்.

சோதனைக்கு அவர்கள் பயன்படுத்துவது யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஃபியோ என்ற மென்பொருள். அதில் 'டைரக்ட்' என்ற அமைப்பைப் போட மறந்தால் லினக்ஸ் தன் நினைவகத்திலிருந்தே பதில் சொல்லிவிடும். டிஸ்க்கை அளந்ததாக நினைத்து ரேமை அளந்திருப்போம். டிஸ்க்கின் மேல் நேரடியாக எழுதும் சோதனை, அதில் உள்ளதையெல்லாம் அழித்தும்விடும். எனவே எண்டர் தட்டுமுன் ஒருவர் சீரியல் எண்ணை உரக்கப் படிக்கிறார், இன்னொருவர் டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிடுகிறார். கையேடுகள் சொல்லித் தராத இந்தப் பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேகத்தைக் கூட்டும் வழிகள் எளியவை. கொள்ளளவில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விடுவது. இனி தேவைப்படாத இடங்களை டிஸ்க்குக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையை வாரம் ஒருமுறை ஓட்டுவது. என்விஎம்இ டிஸ்க்குகளுக்கு லினக்ஸில் எழுத, படிக்க வரும் கோரிக்கைகளின் வரிசைப்படுத்தியை 'நன்' (none) என்று வைப்பது. தரவுத்தளம் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எஃப்சிங்க், அதாவது தரவு டிஸ்க்கில் பதிந்துவிட்டது என்ற உறுதி, கேட்கும் இடத்திலோ, மின்தடையைத் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ள டிஸ்க்குக்கு மாற்றே இல்லை; வீட்டுக் கணினிக்கான டிஸ்க் அங்கே தடுமாறும். சர்வருக்கு டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: நிரம்பி நிலைபெற்ற பின், எஃப்சிங்க்கோடு, இதன் வேகம் என்ன? பதில் வரவில்லையென்றால் வாங்காதீர்கள்.