யுவார்க்கஸின் தீர்ப்பு

பிப்ரவரி 9

பிலிப் சிட்னியின் 'ஆர்க்கேடியா'. டெல்ஃபியில் கேட்ட குறிக்குப் பயந்து அரசன் பசிலியஸ் மனைவி மகள்களோடு காட்டுக் குடிலில் ஒதுங்குகிறான். நாடு ஃபிலானக்ஸ் பொறுப்பில். 'இது தகாது' என்று அந்த ஃபிலானக்ஸே தடுத்தும் பயனில்லை. சிட்னியும் தடுத்துப் பார்த்தவர்தான்: பிரெஞ்சு அரச குடும்பத்து அஞ்சூ கோமகனை மணக்க வேண்டாம் என்று 1579இல் எலிசபெத் அரசிக்கே கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு தங்கை மேரியின் வில்ட்டன் மாளிகையில் தங்கியிருந்தார். இந்தக் கதை அந்த நாட்களில் வளர்ந்தது.

பிப்ரவரி 11

குடிமக்கள் கலகம் செய்கிறார்கள். அரசன் முகத்தையே காணோம், யாரோ அந்நியப் பெண் அவனருகில் இருக்கிறாள் என்று கொதிக்கிறார்கள். நியாயமான குறைதான். அந்தப் பெண்ணோ, அமேசான் வேடமிட்ட இளவரசன் பைரோக்ளிஸ்! ஆனால் சிட்னி இவர்களை வெறும் குடிகாரக் கும்பலாகவே காட்டுகிறார். பின்னால் விரித்தெழுதிய வடிவத்தில் ஓர் ஏழை ஓவியன் வருகிறான். போர்க்காட்சி ஒன்றை வரைய வேண்டும், காயங்களை நேரில் பார்க்கலாம் என்று வந்தவன். அவனுடைய இரண்டு கைகளும் வெட்டப்படுகின்றன. அதைச் சிரிப்புக்காகச் சொல்லியிருக்கிறார். பொறுப்பைக் கைவிட்ட அரசனுக்கு ஒரு கீறலும் இல்லை. எனக்கு ஆறவே இல்லை.

பிப்ரவரி 12

சிறையில் பசிலியஸின் மகள் பமீலா செய்யும் பிரார்த்தனை. 1649இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸின் பெயரில் வெளிவந்த நூலின் சில பதிப்புகளில், இதையே அரசரின் பிரார்த்தனையாகச் சேர்த்தார்கள். மில்டன் கண்டித்தார். விரித்தெழுதிய வடிவம் மூன்றாம் பாகத்தில், வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. 1590இல் அப்படியே அச்சானது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, சூட்ஃபென் போரில் பட்ட காயத்தால் சிட்னி இறந்துவிட்டார். முடிவு தெரிய, பழைய வடிவத்துக்குப் போக வேண்டும்.

பிப்ரவரி 15

விசாரணைக் காட்சியை இரண்டு முறை படித்தேன். மனைவி கைனீசியா கொண்டுவந்த காதல் மருந்தைக் குடித்துப் பசிலியஸ் சாய்ந்துவிட்டான். தானே கொன்றதாக அவள் ஒப்புக்கொள்கிறாள். ஆர்க்கேடியர்கள் வேண்டிக்கொள்ள, மாசிடோனிய அரசன் யுவார்க்கஸ் நீதிபதியாகிறான். அவளை உயிரோடு புதைக்கவும், பைரோக்ளிஸைக் கோபுரத்திலிருந்து தள்ளவும், அவன் தோழன் மியூசிடோரஸின் தலையை வெட்டவும் தீர்ப்பளிக்கிறான். பிறகுதான் தெரிகிறது, பைரோக்ளிஸ் தன் மகன், மற்றவன் தன் சகோதரியின் மகன் என்று. நெஞ்சு நொறுங்கியும் தீர்ப்பை மாற்ற மறுக்கிறான். தன் பிள்ளை என்பதற்காகச் சட்டம் வளைந்தால் அது யாருக்கும் சட்டமில்லை என்பது அவன் நிலை. அவனை மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, இறந்ததாக நினைத்த பசிலியஸ் விழித்துக்கொள்கிறான். எல்லோருக்கும் மன்னிப்பு. கைனீசியாவுக்கு உத்தமி என்ற புகழ் வேறு! யுவார்க்கஸ் எழுப்பிய கேள்வி அந்தரத்தில் தொங்குகிறது. சிட்னிக்கு விடை தெரியவில்லை என்றே நினைக்கிறேன். தெரிந்ததுபோல் நடிக்காமல் விட்டதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கருணை அரச குடும்பத்தோடு நின்றுவிட்டதே!

பிப்ரவரி 16

சிட்னியின் தம்பி மகள் மேரி ரோத் 1621இல் வெளியிட்ட 'யுரேனியா'வை எடுத்து வைத்திருக்கிறேன். அரசவையை உள்ளிருந்து பார்த்த ஒரு பெண்ணின் கதையில் யாருக்கு மன்னிப்பு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.