முதல் ஆயிரம் கிலோமீட்டர்

அம்மா முப்பத்திரண்டு வருஷம் கொழுந்தெடுத்துச் சேர்ந்த சேமலாப நிதிதான் எங்கள் ஓட்டோவுக்கு முற்பணம். மிச்சம் லீசிங். 2019 கடைசியில் ஓடர் கொடுத்தோம், 2020 ஜனவரியில் வண்டி வந்தது. லயத்து வாசலில் தேங்காய் உடைத்து, மூன்று சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம்.

"ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் பச்சப்புள்ள மாதிரி மெதுவா ஓட்டு தம்பி." அட்டன் ஸ்டாண்டில் எல்லோரும் இதையே சொன்னார்கள். நானும் இருபதிலேயே உருட்டினேன். கராஜ் பாஸ்தான் பிடித்துத் திட்டினார்.

புது சிலிண்டரின் உள்சுவர் வழவழப்பாக இருக்காதாம். ஒயில் தங்குவதற்காக அதில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங் அந்தச் சுவரில் உரசி உரசித்தான் பொருந்தும். எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு தள்ளுகிறது. பொத்திப் பொத்தியே ஓட்டினால் அழுத்தம் போதாது. சுவர் பளபளத்துவிடும், ரிங் உட்காராது, பிறகு வண்டி ஒயில் குடிக்கும். முழுசாக முறுக்கினாலோ சூடேறிக் கீறிவிடும்.

"அப்ப எப்படி பாஸ்?"

"ஒரே வேகத்துல போகாத. ஏத்தத்துல கியர இறக்கு, எஞ்சின திணற விடாத. பாரம் மட்டும் ஏத்திடாத."

வேகத்தை மாற்றி மாற்றி ஓட்ட எங்கள் ரோட்டை விட நல்ல இடம் இல்லை. கொட்டகலைப் பக்கம் நூறு மீட்டர் நேராகப் போனாலே அதிசயம். இறக்கத்தில் எக்சிலேட்டரை விட்டு, கியரிலேயே இறங்கினேன். கஷ்டம் பாரத்தில்தான். தோட்டத்து ஹயர் என்றாலே நாலு பேரும் இரண்டு அரிசி மூட்டையும். எத்தனையோ ஹயரை வேண்டாம் என்றேன். "புது வண்டி வந்ததும் பெரிய ஆளாயிட்டான்" என்று பேச்சும் வாங்கினேன்.

முதல் தவணைக்குக் காசு போதவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். "எஞ்சின் பழகட்டும்ப்பா, தோடு எங்க போகப்போகுது." அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் சேர்விஸில் வடித்த ஒயிலை பாஸ் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பொடிப்பொடியாக உலோகத்தூள் மின்னியது. உரசிப் பொருந்தியதன் மிச்சம். அதை உள்ளேயே விட்டால் அதுவே எஞ்சினை அரிக்குமாம்.

அந்த மார்ச்சிலேயே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 வரை புது வண்டி கனவுதான். 2022இல் கியூஆர் கோட்டா வந்தபோது ஓட்டோவுக்கு முதலில் வாரத்துக்கு 5 லீட்டர். அந்தச் சொட்டுப் பெட்ரோலில்தான் வீடு ஓடியது. எங்கள் வண்டி அப்போதும் புகை தள்ளவில்லை, இன்றைக்கும் தள்ளவில்லை.

தோட்டை மீட்க ஒன்றரை வருஷம் ஆனது. இப்போது ஸ்டாண்டுக்கு யாராவது புது வண்டியோடு வந்தால், "மெதுவா ஓட்டு" என்று நான் சொல்வதில்லை. "முதல் மாசத் தவணைக்குக் கையில காசு இருக்கா?" என்றுதான் கேட்கிறேன்.