குதிரைக்கு முள் கடிவாளம் வேண்டாம்



சாத்தூர் பக்கம் வண்டிக் குதிரை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் போனில், "சார், வெடிச் சத்தம் கேட்டாலே தலையை உதறிட்டு ஓடுது. வாயிலயும் ரத்தம். முள் கடிவாளம் போட்டா நிக்கும்ங்கிறாங்க" என்றார். போடவே போடாதே தம்பி என்றேன்.

குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடம் உண்டு. கடிவாளத்தின் இரும்பு உட்காருவது அங்கேதான். எலும்பு, மேலே மெல்லிய சதை, அவ்வளவுதான். நம் கணுக்காலுக்கு மேலே முன் எலும்பில் கட்டில் கால் இடித்தால் எப்படியிருக்கும்!

புண் ஆறும்வரை வாயில் இரும்பே வேண்டாம். பல் எங்காவது கூராகிக் குத்துகிறதா என்று கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். பிறகு அளவு. குட்டையான இரும்பு கடைவாயைக் கிள்ளும். நீளமானது இப்படியும் அப்படியும் நழுவும். இருபுறமும் அரை சென்டிமீட்டர் வெளியே நின்றால் போதும். கம்பிபோல மெல்லியது அறுக்கும். தடிமன் நல்லதென்று கடைக்காரர் சொல்வார். சின்ன வாயில் அது நாக்கை நசுக்கும். வாங்குமுன் விரலால் தடவிப் பாருங்கள், எங்கும் நெருடக் கூடாது.

முள் வைத்ததை 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே தடை செய்திருக்கின்றன. பந்தயக்காரர்கள் என்மேல் கோபப்பட்டால் படட்டும்.

வெடிக்குப் பயப்படுவது காது. வாயைக் கிழித்து என்ன பயன்? தீபாவளி, திருவிழா நாட்களில் வண்டி பூட்டாமல் சத்தமில்லாத இடத்தில் கட்டுங்கள். மற்ற நாட்களில் தூரத்துச் சத்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்.