பத்தாயிரம் பேரும் அரைக் கிலோ பொடியும்

மும்பை மாதுங்காவில், வீட்டிலேயே பருப்புப் பொடியும் இட்லி மிளகாய்ப் பொடியும் அரைத்து விற்கிறேன். 2018 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராமில் என்னைப் பின்தொடர்ந்தவர்கள் 312 பேர். "கடைன்னா கூட்டம் தெரியணும் சித்தி" என்றான் அக்கா மகன். யாரோ ஒரு ஏஜெண்டுக்கு 2,000 ரூபாய் கொடுத்தோம். பத்தே நாளில் பத்தாயிரம் பேர்! பாதிப் பேருக்கு முகமே இல்லை. எனக்கென்னவோ பெருமைதான். உறவினர்களிடமெல்லாம் காட்டினேன்.

விற்பனை மட்டும் குறைந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு படத்தைப் பார்ப்பவர்கள் அதை எவ்வளவு ரசிக்கிறார்கள் என்பதை வைத்தே இன்ஸ்டாகிராம் மற்றவர்களுக்கும் காட்டுகிறது. என் பத்தாயிரம் பேர் எதையும் சீண்டவில்லை. விளைவு, டோம்பிவலியில் மாதாமாதம் அரைக் கிலோ வாங்கும் டீச்சருக்குக்கூட என் படங்கள் போய்ச் சேரவில்லை. "கடையை மூடிட்டீங்களா?" என்று அவரே போன் செய்து கேட்டார்.

அந்த நவம்பரில் போலி லைக்குகளையும் ஃபாலோயர்களையும் களையப்போவதாக இன்ஸ்டாகிராம் அறிவித்தது. என் கூட்டமும் கரைந்தது. பணம் போனது போனதுதான்.

இப்போது நம்பியிருப்பது வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் பட்டியலை. 140 பேர். என் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அதில் செய்தி போகும். போன தீபாவளிக்குக் காரம் தூக்கலாகிவிட்டது. 9 பேர் போனில் திட்டித் தீர்த்தார்கள். அதில் 7 பேர் அடுத்த வாரமே மறுபடி வாங்கினார்கள், காரத்தைக் குறைக்கச் சொல்லி.