பத்து மணிக்கு முந்தைய பேச்சு

பாளையங்கோட்டையில் ஒரு மாடியறை. மேசையில் லேப்டாப், ஹெட்செட், தண்ணீர் பாட்டில். பத்து மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங். மணி ஒன்பது ஐம்பத்தேழுக்கே அவள் உள்ளே நுழைந்துவிடுகிறாள்.

"ஹலோ, கேக்குதா?" கோயம்புத்தூர்க்காரர் குரல். "ராத்திரி பூரா மழைங்க. கரண்ட் வர்றதும் போறதுமா இருக்கு. இன்வெர்ட்டர்லதான் ஓடுது."

சென்னையிலிருந்து இன்னொருவர் சேர்கிறார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. "மியூட்ல இருக்கீங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். மியூட்டை எடுத்ததும் அவர் சொல்லும் முதல் சேதி, பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்பது. "அப்பாடா" என்கிறாள் இவள். முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் விசாரித்திருந்தாள்.

குழுத்தலைவர் வந்ததும் பேச்சு மாறுகிறது. நேற்று எது முடிந்தது, இன்று என்ன வேலை, எங்கே தடை. ஆளுக்கு ஒரு நிமிடம். திரையின் கடைசிக் கட்டத்தில் முகம் இல்லை, பெயரின் முதலெழுத்து மட்டும். புதிதாகச் சேர்ந்த பையன். ஹைதராபாத்தில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருக்கிறான். "நோ பிளாக்கர்ஸ்" என்று சொல்லிவிட்டு மைக்கை மூடிக்கொள்கிறான்.

மீட்டிங் முடிந்த கையோடு சாட்டில் அவன் பெயர் மேலே வருகிறது. "அக்கா, ஃப்ரீயா?"

"சொல்லுங்க."

அவன் எழுதுவதைக் காட்டும் புள்ளிகள் துள்ளுகின்றன. நிற்கின்றன. திரும்பவும் துள்ளுகின்றன. செய்தி வந்தபாடில்லை. அவள் கால் பட்டனை அழுத்துகிறாள்.

"என்னாச்சு? ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க."

"சின்ன டவுட்தான்க்கா. குரூப்ல கேட்டா இதுகூடத் தெரியலையான்னு நினைப்பாங்களோன்னு..."

டெஸ்ட் சர்வருக்குள் அவனால் போகவே முடியவில்லை. அனுமதி கேட்டு விண்ணப்பம் போட வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. லிங்கை அனுப்புகிறாள். விஷயம் முடிந்தது. அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. "அங்க சாப்பாடெல்லாம் எப்படி?" என்கிறாள். சற்று நேரம் பதில் இல்லை. அவன் கேமரா உயிர்பெறுகிறது. கட்டில், ஜன்னல் கம்பியில் உலரும் துண்டு, அரும்புமீசை முகம். கீழேயிருந்து அவளுடைய அம்மாவின் குரல்: "ஏளா, காபி ஆறிப்போகுது!" அது ஹைதராபாத்துக்கும் கேட்டுவிடுகிறது. "எங்கம்மாவும் இப்படித்தான்க்கா" என்று சிரிக்கிறான்.

பொறியாளர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை ஆராய்ந்த எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன், இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று குறைந்துவிடுகிறது என்று 1977இல் வந்த தன் நூலில் காட்டினார். 2020 மார்ச் ஊரடங்கு அந்த இருக்கைகளை ஊர் ஊராகப் பிரித்துப் போட்டது. நாற்காலியைத் திருப்பி, "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்கும் வசதி அன்றோடு போயிற்று. அதை ஈடுகட்டக் கருவிகளும் வந்தன. முன்கூட்டி நேரம் குறிக்காமல் குரலில் பேசிக்கொள்ள 2021இல் ஸ்லாக் 'ஹடில்' வசதியைக் கொடுத்தது. டீம்ஸில் ஆள் இருப்பதைப் பச்சைப் புள்ளி சொல்லும். கணினியை ஐந்து நிமிடம் தொடாவிட்டால் மஞ்சளாகிவிடும். ஆனால் பச்சையாக இருக்கும் ஆள் உள்ளுக்குள் தவிப்பதை எந்தப் புள்ளியும் சொல்லாது. காலையில் "நோ பிளாக்கர்ஸ்" என்றவன் பெயருக்குப் பக்கத்திலும் பச்சைதான் எரிந்தது. விட்டுவிட்டு நின்ற எழுத்தைக் கவனிக்க, அந்தப் பக்கம் ஒரு மனுஷி வேண்டியிருந்தது.

மாலை நான்கு மணிக்கு அதே பையன் குழுவின் பொதுச் சேனலில், எல்லோரும் பார்க்க, ஒரு சந்தேகம் கேட்கிறான். கோயம்புத்தூர்க்காரர் விளக்கம் எழுதுகிறார். சென்னையிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. குழுத்தலைவர், "நல்ல கேள்வி, எனக்கும் இது தெரியாது" என்று போடுகிறார்.

மழையும் காய்ச்சலும் பி.ஜி. சாப்பாடும் எந்த டைம்ஷீட்டிலும் ஏறுவதில்லை. அவற்றை வெட்டிப்பேச்சு என்று கழித்துவிடுகிறவர்கள், இந்த நான்கு மணிக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வெவ்வேறு ஊரில் இருப்பவர்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள் நாளைக்கே ஒன்று செய்யலாம்: மீட்டிங்குக்கு மூன்று நிமிடம் முன்னதாக வந்து, மைக்கைத் திறந்து, "சாப்டாச்சா?" என்று கேட்கலாம்.